நரம்பின் வேகத்தை அளந்த கதை

1796-ஆம் வருடத் தொடக்கத்தில், லண்டனை ஒட்டியிருக்கும் கிரீன்விச் வானாய்வகத்தில் டேவிட் கின்னப்ரூக் என்ற இளைஞருக்கு வேலை போனது. அவர் திருடவில்லை, குடித்துவிட்டு வரவில்லை, சோம்பேறியும் கிடையாது. நட்சத்திரங்கள் கடக்கும் நேரம் என்று அவர் குறித்துவைத்தவை, அவருடைய மேலதிகாரி குறித்த நேரங்களைவிட 0.8 நொடி பிந்தியிருந்தன. அவ்வளவுதான் குற்றம்.

அந்த 0.8 நொடியில் தொடங்கும் ஒரு கதை, இன்றைக்கு நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் செய்யும் நரம்புப் பரிசோதனை வரைக்கும் வந்து சேர்கிறது. நடுவில் ஒரு தவளையின் காலும் வருகிறது.

கண்ணும் காதும்

முதலில் கின்னப்ரூக் செய்த வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். டெலஸ்கோப்பின் பார்வை வட்டத்துக்குள் மெல்லிய கம்பிகள் செங்குத்தாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். பூமி சுற்றுவதால் நட்சத்திரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்வதுபோலத் தெரியும். அது கம்பியைத் தாண்டும் கணத்தைக் குறிக்க வேண்டும். கையில் ஸ்டாப்வாட்ச் எல்லாம் கிடையாது. பக்கத்தில் ஊசல் கடிகாரம் ஒன்று டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கும். காதால் டிக் சத்தத்தை எண்ணிக்கொண்டே, கண்ணால் நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். கம்பிக்கு முந்தைய டிக்கில் நட்சத்திரம் எங்கே இருந்தது, அடுத்த டிக்கில் எங்கே இருந்தது என்று மனதில் பிடித்துவைத்து, நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை மதிப்பிட்டு எழுத வேண்டும்.

இதற்குக் 'கண்-காது முறை' என்று பெயர். கேட்பதற்குக் கொஞ்சம் விளையாட்டுபோல இருந்தாலும், ஒரு கடல் வல்லரசு தன் கடிகாரத்தைச் சரிபார்த்தது இப்படித்தான். கப்பல்கள் கடலில் தங்கள் தீர்க்கரேகையைக் கணிக்க நேரம் துல்லியமாக வேண்டும். பூமத்திய ரேகையில் 0.8 நொடி பிசகினால், இடம் சுமார் 370 மீட்டர் தள்ளிப்போகும்.

வானாய்வகத்தின் தலைவர் நெவில் மாஸ்கலின், தன் உதவியாளரின் குறிப்புகள் 1795 ஆகஸ்டில் அரை நொடி பிந்துவதைக் கவனித்தார். எச்சரித்தும் பார்த்தார். குறையவில்லை, அடுத்த ஜனவரிக்குள் 0.8 நொடியாகக் கூடிவிட்டது. கின்னப்ரூக் ஏதோ தப்பான பழக்கத்தில் விழுந்துவிட்டார் என்று முடிவுகட்டி, வேலையிலிருந்து நீக்கினார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு பேர் ஒரே நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள், இரண்டு விடை வருகிறது. யார் சொன்னது சரி? இதைத் தீர்த்துவைக்க மூன்றாவதாக ஒரு கருவி அன்றைக்கு இல்லை. தலைவர் சொன்ன நேரம் சரி என்றாயிற்று, உதவியாளர் சொன்னது பிழை என்றாயிற்று.

ஆனால் மாஸ்கலின் ஒரு நல்ல காரியம் செய்தார். நடந்ததை மறைக்காமல், எத்தனை நொடி வித்தியாசம் என்பதோடு வானாய்வகத்தின் அச்சிட்ட பதிவுகளில் எழுதிவைத்தார். உழைப்பாளியான ஓர் உதவியாளரை மனமில்லாமல்தான் அனுப்பினேன் என்றும் குறிப்பிட்டார். கின்னப்ரூக் 1802-ல் இறந்துபோனார். அந்தக் குறிப்பு மட்டும் புத்தகத்தில் இருந்தது.

பெஸ்ஸலுக்கு வந்த சந்தேகம்

இருபது வருடம் கழித்து அது ஃபிரீட்ரிஷ் பெஸ்ஸலின் கண்ணில் பட்டது. அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் (இன்று ரஷ்யாவின் கலினின்கிராட்) வானாய்வகத்தை நடத்திவந்தவர் அவர். பிழைகளைக் கணக்குப் போட்டுக் களைவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர் வாங்கியவர். திறமையான ஒருவர், எச்சரித்த பிறகும், மாதக்கணக்கில் ஒரே திசையில் தப்பு செய்துகொண்டே இருப்பாரா? பெஸ்ஸலுக்கு இது இடித்தது.

அதனால் தன்னையே சோதித்துப் பார்த்தார். 1820-களின் தொடக்கத்தில் வால்பெக், ஆர்கெலாண்டர் என்ற இரண்டு தேர்ந்த வானியலாளர்களோடு தன் கணிப்புகளை ஒப்பிட்டார். வால்பெக்கைவிடப் பெஸ்ஸல் ஒரு நொடிக்கும் மேல் முந்திக் குறித்திருந்தார். ஆர்கெலாண்டரோடு வித்தியாசம் 1.2 நொடி! கின்னப்ரூக்கின் வேலையைப் பறித்ததைவிடப் பெரிய இடைவெளி இது. ஐரோப்பாவின் மிகச் சிறந்த கண்களுக்கு நடுவில்.

ஆக, இது ஓர் உதவியாளரின் சொந்தக் குறை அல்ல. பார்க்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு தாமதம் இருக்கிறது, ஆளுக்கு ஆள் அது மாறுகிறது. வானியலாளர்கள் இதற்குத் 'தனிநபர் சமன்பாடு' என்று பெயர் வைத்து, கணக்கில் கூட்டிக் கழித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது போதும். அந்தத் தாமதம் உடம்புக்குள் எங்கே நடக்கிறது என்பது அவர்கள் கவலை இல்லை.

அளக்கவே முடியாது என்றார் ஆசான்

அது உடலியங்கியல்காரர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம். அவர்களோ நரம்புக்கு வேகம் என்ற ஒன்றை அளக்க முடியும் என்றே நம்பவில்லை.

நரம்புகள் உள்ளே துளையுள்ள குழாய்கள், அவற்றின் வழியாக ஒரு நுண்ணிய ஆவி ஓடுகிறது என்பதுதான் கேலன் காலம் தொட்டுப் பல நூற்றாண்டுகளாக இருந்த எண்ணம். 1791-ல் இத்தாலியின் பொலோன்யாவில் லூயிஜி கால்வானி, தவளையின் கால் மின்சாரத்துக்குத் துடிப்பதைப் பற்றி எழுதியபின், ஆவியின் இடத்தை மின்சாரம் பிடித்துக்கொண்டது. ஆவியோ மின்சாரமோ, எதுவானாலும் அது கணநேரத்தில் பாய்வது என்றுதான் பலரும் நினைத்தார்கள். விரலை அசைக்க நினைத்தேன், விரல் அசைந்தது. நடுவில் நேரம் எங்கே இருக்கிறது?

ஊகங்களுக்குக் குறைவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஆல்பிரெஷ்ட் ஃபான் ஹாலர் நிமிடத்துக்கு 9,000 அடி என்று கணக்கிட்டார். இன்னொரு கணக்குப்படி அது ஒளியையே பல மடங்கு மிஞ்சும்! ஜெர்மன் உடலியங்கியலின் பெரிய ஆசான் யோஹன்னஸ் முல்லர், 1830-களில் எழுதிய தன் புகழ்பெற்ற பாடநூலில், இதை அளக்கும் வழி நமக்கு ஒருநாளும் கிடைக்காது என்ற பொருளில் எழுதிவிட்டார். அவர் சொன்ன காரணமும் நியாயமானதுதான். ஒளியின் வேகத்தை அறியக் கோள்களுக்கு இடையிலான தூரம் கிடைத்தது. உடம்பில் கிடைப்பது சில அடி. அந்தக் குறுகிய தூரத்தில் எதை அளப்பது?

முல்லரை மறுத்தவர், அவரிடமே படித்த மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

தவளைக்கால் கணக்கு

ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு இயற்பியல் படிக்கத்தான் ஆசை. வீட்டில் வசதி இல்லை. அரசாங்கச் செலவில் மருத்துவம் படித்து, பதிலுக்கு ராணுவ மருத்துவராக வேலை பார்த்தார். 1849-ல் 28 வயதில் அவருக்குப் பேராசிரியர் வேலை கிடைத்தது. எந்த ஊரில் தெரியுமா? அதே கோனிக்ஸ்பெர்க். பெஸ்ஸல் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

அந்த வருடம்தான் ஓல்கா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். ஆய்வில் அளவுகளைக் குறித்துக்கொடுத்தது ஓல்காதான்.

சோதனை இதுதான். தவளையின் கெண்டைக்கால் தசையை, அதற்குப் போகும் நரம்போடு சேர்த்து எடுத்துக்கொண்டார். நரம்பில் ஓரிடத்தில் மின்சாரம் கொடுத்தால் தசை சுருங்கும். மின்சாரம் கொடுத்த நேரத்துக்கும் தசை சுருங்கிய நேரத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். ஆனால் அது ஆயிரத்தில் சில பங்கு நொடி. எந்தக் கடிகாரம் காட்டும்?

மின்சாரத்தையே கடிகாரம் ஆக்கிக்கொண்டார். பிரெஞ்சு இயற்பியலாளர் பூயே சில வருடங்களுக்கு முன் சொன்ன உத்தி அது. நரம்புக்கு ஷாக் போகும் அதே கணத்தில், வேறொரு சுற்றில் கரண்ட் ஓடத் தொடங்கும். தசை சுருங்கியதும் அதுவே ஒரு தொடுப்பை இழுத்துப் பிரித்து, அந்தக் கரண்டை நிறுத்திவிடும். நடுவில் ஓடிய கரண்ட் எவ்வளவோ, அதற்கேற்றபடி கால்வனாமீட்டரின் காந்த ஊசி விலகும். விலகலை அளந்தால் நேரம் தெரிந்துவிடும். சுற்றைத் திறப்பது தசையே. மனிதனின் கண்ணுக்கும் காதுக்கும் அங்கே வேலையே இல்லை.

இப்போதும் ஒரு சிக்கல். இப்படிக் கிடைக்கும் நேரம் முழுக்க நரம்பின் நேரம் அல்ல. தசை சுருங்கத் தயாராவதற்கே கொஞ்ச நேரம் பிடிக்கும். அதை எப்படிப் பிரிப்பது?

இங்கேதான் ஹெல்ம்ஹோல்ட்ஸின் மூளை தெரிகிறது. ஒரு தடவை தசைக்குப் பக்கத்தில் ஷாக் கொடு. இன்னொரு தடவை அதே நரம்பில் தள்ளி ஷாக் கொடு. தசை எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டு தடவையும் ஒன்றுதான். கருவியின் தாமதமும் ஒன்றுதான். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இவையெல்லாம் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது, அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் உள்ள நரம்பைக் கடக்க ஆன நேரம் மட்டும்.

50 முதல் 60 மில்லிமீட்டர் நரம்பைக் கடக்க 0.0014 முதல் 0.0020 நொடி ஆனது. வேகம் நொடிக்கு 24.6-லிருந்து 38.4 மீட்டர் வரை வந்தது. தோராயமாக நொடிக்கு 30 மீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 108 கிலோமீட்டர். ஓர் எக்ஸ்பிரஸ் ரயிலின் வேகம்! ஒலிகூட இதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகப் போகிறது.

1850 ஜனவரியில் முடிவை நண்பர் எமில் டு புவா-ரேமோன் மூலம் பெர்லினுக்கு அனுப்பினார். கேட்டவர்களுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவருடைய அப்பாவுக்கே மனம் ஒப்பவில்லை. தத்துவம் படித்த பள்ளி ஆசிரியர் அவர். நினைப்பும் உடம்பின் அசைவும் ஒரே கணத்தில் நடப்பவை என்றுதான் அவருக்குத் தோன்றியது, அதையே மகனுக்குக் கடிதமாகவும் எழுதினார். அப்பாவின் தயக்கம் நமக்குப் புரிகிறது, இல்லையா? மனம் என்பது உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் நிறைந்திருப்பதாகத்தானே நமக்கும் தோன்றுகிறது. அதற்கும் விரலுக்கும் நடுவில் தபால் போக்குவரத்து நடக்கிறது, அதற்கு நேரம் ஆகிறது என்றால் யாருக்குத்தான் உடனே ஒப்பும்?

அந்த வருடக் கடைசியில் கோனிக்ஸ்பெர்க்கில் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசும்போது, ஹெல்ம்ஹோல்ட்ஸ் நரம்புகளைத் தந்திக்கம்பிகளோடு ஒப்பிட்டார். மனிதனின் உடம்பு சின்னது, அதனால் தாமதம் தெரிவதில்லை என்றார். திமிங்கிலத்துக்கு வாலில் காயம் பட்டால் சேதி தலைக்குப் போக ஒரு நொடி, வாலை அசைக்கும் உத்தரவு திரும்பி வர இன்னொரு நொடி ஆகும் என்று கணக்குச் சொன்னார்.

ஏன் இவ்வளவு மெதுவாக?

கம்பியில் மின்சாரம் ஓடுவதற்கும் நரம்பில் சேதி ஓடுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நரம்பிழையின் மேல்தோலில் நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. ஓரிடத்தில் வாசல் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாயும், அந்த மின்மாற்றம் பக்கத்து வாசலைத் திறக்கும், அது அதற்கடுத்ததை. சரவெடி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வெடி அடுத்ததைப் பற்றவைக்கிறது. வெடித்த வெடி திரும்ப வெடிக்காது, நரம்போ ஆயிரத்தில் சில பங்கு நொடியில் மறுபடி தயாராகிவிடும். அது மட்டும்தான் வித்தியாசம். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் கணவாயின் தடித்த நரம்பிழையை வைத்து 1952-ல் இதற்குக் கணிதச் சமன்பாடுகளே எழுதிவிட்டார்கள்.

நம் உடம்பில் வேகத்தைக் கூட்ட ஒரு தந்திரம் இருக்கிறது. பல நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு. உறை தொடர்ச்சியாக இருக்காது, இடையிடையே சின்ன இடைவெளி விட்டிருக்கும். சேதி ஒவ்வொரு அங்குலமாக ஊர்ந்து போகாமல், இடைவெளிக்கு இடைவெளி தாவிப் போகும். இப்படித் தடித்த உறை போட்ட இழைகளில் வேகம் நொடிக்கு 100 மீட்டரையும் தாண்டும். உறையே இல்லாத மெல்லிய இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர், மிஞ்சிப்போனால் இரண்டு. நாம் நடக்கிற வேகம்தான்! எர்லாங்கர், காஸர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1920-களில் ஆசிலோஸ்கோப்பை வைத்து இந்த வகைகளைப் பிரித்துக் காட்டி, 1944-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இதை ஆய்வகத்துக்குப் போகாமலே நீங்கள் அனுபவித்திருப்பீர்கள். இருட்டில் நடக்கும்போது கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொள்கிறோம். 'அய்யோ, இடிச்சிட்டோம்' என்று உடனே தெரிந்துவிடும். சுருக்கென்று ஒரு வலியும் வரும். உண்மையான எரியும் வலி ஒரு நொடி கழித்துத்தான் கிளம்பிவரும். தொடு உணர்வு வேகமான இழையில் வருகிறது. முதல் வலி நடுத்தர வேக இழையில். அந்த எரியும் வலி நடைவேக இழையில், கால்விரலிலிருந்து தண்டுவடம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நடந்து வர வேண்டும். அந்த ஒரு நொடி, நரம்பின் நேரம்.

கின்னப்ரூக்கின் 0.8 நொடி

அப்படியானால் கின்னப்ரூக்கின் தாமதம் நரம்பின் வேகத்தால் வந்ததா? அவ்வளவு எளிது இல்லை. கண்ணிலிருந்து மூளைக்குச் சேதி போக நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மீதி நேரம் எங்கே போனது?

அதைத் தேடியவர்கள் ஹெல்ம்ஹோல்ட்ஸின் கழித்தல் உத்தியையே எடுத்துக்கொண்டார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் டாண்டர்ஸ், 1860-களில், ஒருவரின் இரண்டு பாதங்களிலும் மின்முனைகளை வைத்தார். எந்தக் காலில் ஷாக் வரும் என்று முன்பே சொல்லிவிட்டு எதிர்வினை நேரத்தை அளந்தார். பிறகு சொல்லாமல் அளந்தார். இரண்டாவதில் 'இது எந்தக் கால்?' என்று மனம் முடிவெடுத்தாக வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வித்தியாசம் நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. அதாவது, ஒரு முடிவை எடுக்க ஆகும் நேரத்தையே அளந்துவிட்டார்.

வில்ஹெல்ம் வுண்ட், கடிகார ஊசலையும் மணியையும் வைத்து வேறொன்றைக் காட்டினார். பார்ப்பதும் கேட்பதும் ஒரே நேரத்தில் நடந்தாலும், மனம் இரண்டையும் ஒன்றாகப் பிடிப்பதில்லை. ஒன்றை வாங்கிக்கொண்டுதான் மற்றதற்குப் போகிறது. கண்-காது முறையின் சிக்கலே இதுதான். டிக் சத்தத்தில் கவனம் வைத்தவருக்கு நட்சத்திரம் ஓரிடத்தில் தெரியும், நட்சத்திரத்தில் கவனம் வைத்தவருக்கு வேறோரிடத்தில். நரம்பின் நேரம், மூளையில் சேரும் நேரம், கவனம் மாறும் நேரம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த இடைவெளி. இதில் மாஸ்கலினுக்கு ஒரு கணக்கு, கின்னப்ரூக்குக்கு இன்னொரு கணக்கு. இரண்டுமே 'உண்மையான' நேரம் கிடையாது.

இந்தப் பாடத்தை இன்று ஓட்டப்பந்தய நடுவர்கள்கூட ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.1 நொடிக்குள் ஒருவர் கிளம்பினால், அது தப்பான தொடக்கம் என்று விதி. சத்தத்தைக் கேட்டுக் கிளம்ப உடம்புக்கு அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். அதற்கு முன்பே கிளம்பினால் அவர் கேட்டு ஓடவில்லை, ஊகித்து ஓடினார்.

ஆஸ்பத்திரியில் தவளைக்கால்

ஹெல்ம்ஹோல்ட்ஸ் பிற்பாடு, பாக்ஸ்ட் என்பவரோடு சேர்ந்து, மனிதர்களிடமும் இதைச் செய்தார். மணிக்கட்டில் ஒரு தடவை, மேல் கையில் ஒரு தடவை ஷாக் கொடுத்து, கட்டைவிரல் தசை எப்போது சுருங்குகிறது என்று பார்த்தார்கள். கை குளிர்ந்திருந்தால் வேகம் குறைவதும் தெரியவந்தது.

இப்போது நம் ஊர் நரம்பியல் பிரிவுக்குப் போங்கள். கை மரத்துப்போகிறது என்று ஒருவர் வருகிறார். நரம்புக் கடத்தல் பரிசோதனை எழுதிக்கொடுக்கிறார்கள். கட்டைவிரல் தசைமேல் ஒரு மின்முனை ஒட்டுவார்கள். மணிக்கட்டில் சின்ன ஷாக், பிறகு முழங்கையில் ஒன்று. நடுவில் 22 செ.மீ. தூரம், நேர வித்தியாசம் 0.004 நொடி என்றால் வேகம் நொடிக்கு 55 மீட்டர். சரியான வேகம்தான். கை சில்லென்று இருந்தால் முதலில் சூடு பண்ணச் சொல்வார்கள். தவளையின் இடத்தில் மனிதர், காந்த ஊசியின் இடத்தில் கம்ப்யூட்டர். கழித்தல் கணக்கு அதேதான்.

அந்த எண் நிறையச் சொல்லும். மணிக்கட்டில் மட்டும் சேதி தாமதித்தால், அங்கே நரம்பு நெரிபடுகிறது என்று அர்த்தம். கை கால் எல்லாம் வேகம் பாதியாகக் குறைந்திருந்தால் மயலின் உறை சிதைகிறது. கியான் பாரே நோயில் நடப்பது அதுதான். நேரத்தோடு கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலானோர் எழுந்து நடந்துவிடுகிறார்கள். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பரிசோதனை பிடிப்பது வேகமான, தடித்த இழைகளை மட்டுமே. சர்க்கரை நோயாளி ஒருவருக்குப் பாதம் எரியும், ரிப்போர்ட்டோ 'நார்மல்' என்று வரலாம். நடைவேகத்தில் போகிற மெல்லிய இழைகள் இந்தக் கணக்கில் சிக்குவதில்லை. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, எல்லாம் உங்கள் மனப்பிரமை என்று அவரிடம் யாராவது சொன்னால், அது கின்னப்ரூக்குக்கு நடந்ததுதான்.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஒருவரின் குறை என்று ஒதுக்கப்பட்ட 0.8 நொடி, எல்லா மனிதர்களின் நரம்புக்குள்ளும் இருக்கும் ஒரு பொதுவான உண்மையின் நுனி. மாஸ்கலின் அந்த உண்மையைப் பார்க்கவில்லை. ஆனாலும் வித்தியாசத்தை மறைக்காமல், எண்ணோடு எழுதிவைத்தார். அந்த எண் இருந்ததால்தான் பெஸ்ஸல் கேள்வி கேட்க முடிந்தது.